ஜெர்மன் தொகுப்பிலிருந்து டெல்டா ரயில் நிலையம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் செல்லும் பாதையைப் பழைய ரயில்வே ஆட்கள் இன்றும் ‘மெயின் லைன்’ என்றுதான் சொல்கிறார்கள். தென்னிந்திய ரயில்வே காலத்து மீட்டர் பாதை அது, அதாவது இரு தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி உள்ளது. 1992இல் இந்திய ரயில்வே பாதைகளையெல்லாம் ஒரே அகலத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதி 2010இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. வழியிலுள்ள சிறு நிலையங்களில் சிலவற்றின் பழைய ஓட்டுக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. சில, புதிய கான்கிரீட் கட்டடத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கின்றன. சில இன்னும் உழைக்கின்றன.

இந்தப் பாதையருகே வளர்ந்த ஓர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தம் வீட்டு மாடி அறையில் 1:87 அளவில், அதாவது அசலில் 87இல் ஒரு பங்காக, ஒரு மாதிரி ரயில் லேஅவுட் அமைத்திருந்தார். 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளம், அடர்நீலத்தில் வெளிர்நீலப் பட்டை போட்ட ஐசிஎஃப் (சென்னை பெரம்பூர் தொழிற்சாலை) வகைப் பெட்டிகள், டீசல் எஞ்சின்கள். ஓடுவதெல்லாம் நம் ஊர் ரயில். அது போய் நின்ற நிலையம் மட்டும் ஜெர்மனி. கடையில் வாங்கக் கிடைத்த பிளாஸ்டிக் கட்டடத் தொகுப்பு அது. இரண்டு மாடி, செங்குத்தான கூரை, இரண்டு புகைபோக்கி, மேல்மாடியில் ஜன்னலுக்கு ஜன்னல் மரக்கதவு. உரிமையாளர் அதற்கு மஞ்சள் பூசி, அடியில் காவிப் பட்டை போட்டு, மும்மொழிப் பெயர்ப்பலகையும் வைத்திருந்தார். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், அவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. என்ன குறை என்று சொல்லவும் தெரியவில்லை.

2022 கோடையில் அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் நாங்கள் மூவர் அந்தக் கட்டடத்தை எடுத்துச் செய்தோம். கட்டட வரைவாளனாகிய நான், மின்னணுவியல் படித்த அவருடைய மகள், மீட்டர் பாதையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். இறக்குமதித் தொகுப்பை வைத்துக்கொண்டு நம் ஊர் நிலையம் செய்ய நினைப்பவர்கள் பலர் இருப்பதால், முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் பதிவு செய்கிறேன்.

முதலில் கவனித்தவை

ஸ்டேஷன் மாஸ்டர் முதல் நாள் வந்தபோது கூரையையும் நிறத்தையும் பார்க்கவே இல்லை. குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “தம்பி, டிக்கெட் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது? மாஸ்டர் அறையிலிருந்து இரண்டு பக்கமும் வண்டி வருவது தெரியுமா?” என்று கேட்டார். தொகுப்பில் டிக்கெட் ஜன்னலே கிடையாது. நடைமேடையைப் பார்த்த பக்கத்தில் ஓர் உணவகக் கதவு இருந்தது.

நம் பக்கத்துச் சிறு நிலையத்தில் ஆள் நடமாட்டத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சாலையிலிருந்து படியேறினால் முன்புறம் திறந்த கூடம், கூடத்துக்குள் டிக்கெட் ஜன்னல், அதைத் தாண்டினால் தாழ்வாரம், அப்புறம் நடைமேடை. மாஸ்டர் அறை நடுவில், தாழ்வாரத்தைப் பார்த்தபடி இருக்கும். கழிப்பறை கட்டடத்தோடு ஒட்டாமல் மேடையின் கோடியில் தனியே நிற்கும். சுவரின் நிறத்தை மாற்றினால் இந்த ஒழுங்கு வந்துவிடாது.

அடுத்து அளவு. தொகுப்பின் கதவு 23 மி.மீ. உயரம், 87ஆல் பெருக்கினால் இரண்டு மீட்டர். வெக்கைக்காகக் கட்டிய நம் பழைய கட்டடங்களில் கதவும் சுவரும் அதைவிட நன்றாக உயர்ந்தவை. பாதையோரம் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய நிலையக் கட்டடத்தை, அங்குள்ள நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு, நாடா பிடித்து அளந்தோம். நீளம் 80 அடி, அகலம் 20 அடி, தரையிலிருந்து கூரை உட்காரும் இடம்வரை சுவர் 15 அடி, கதவு எட்டரை அடி. மாதிரியில் இவை முறையே 280, 70, 52, 30 மி.மீ. ஆகும். தொகுப்பின் கீழ்த்தளச் சுவர் 42 மி.மீ. மட்டுமே.

அளக்கப்போன இடத்தில்தான் வேலையின் போக்கையே தீர்மானித்த விஷயம் கண்ணில் பட்டது. நடைமேடையிலிருந்து கட்டடத்துக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. மீட்டர் பாதைக் காலத்து மேடை தாழ்வானது. அதைவிடச் சற்று உயரத்தில் கட்டடத்தின் தரை இருந்தது. அகலப்பாதை வந்தபோது மேடையைத் தண்டவாளத் தலையிலிருந்து, அதாவது தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து, 760 முதல் 840 மி.மீ. உயரத்துக்குத் தூக்கினார்கள். கட்டடத்தை யாரால் தூக்க முடியும்? சாலைப் பக்கம் பார்த்தால் பீடமும் படிக்கட்டும் உயர்ந்த கதவுமாகக் கம்பீரமாக நிற்கும் அதே கட்டடம், மேடைப் பக்கம் பார்த்தால் பாதி புதைந்ததுபோல் இருக்கிறது. தாழ்வாரத்தின் இறவானம் (கூரையின் கீழ் விளிம்பு) உயரமான ஆளின் தலையைத் தொடும் அளவுக்கு இறங்கிவிட்டது.

இந்தப் படத்தைக் காட்டியதும் உரிமையாளர், “இதுதான் சார், நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான்” என்று ஸ்டேஷன் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். நம் நிலையங்களில் இரண்டு காலம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. அது தெரிய வேண்டிய இடம் கட்டடமும் மேடையும் சேரும் கோடு.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, காலம். 2010க்குப் பின், பாதை திறந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் என்று வைத்துக்கொண்டோம். இதனால் உரிமையாளருக்கு ஓர் இழப்பு. அவர் ஆசையாக வாங்கி வைத்திருந்த கைகாட்டி மரங்கள் (பலகைக் கை ஏறி இறங்கும் பழைய சிக்னல் கம்பங்கள்) அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. அகலப்பாதையோடு வண்ண விளக்குச் சிக்னல் வந்துவிட்டது. அவர் தயங்கினார். கைகாட்டி வேண்டுமென்றால் மீட்டர் பாதைக் காலத்துக்குப் போக வேண்டும், அப்போது மேடை தாழ வேண்டும், இந்த அகலப்பாதைப் பெட்டிகளுக்கும் இடமில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கைகாட்டிகள் பெட்டிக்குள் போயின. கையிழந்து துருப்பிடித்த ஒரு கம்பம் மட்டும் மேடைக் கோடியில் நிற்கட்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

இரண்டாவது, மட்டங்கள். கட்டடத்தைத் தொடுவதற்கு முன் இதை வரைந்து முடித்தோம். எல்லாவற்றுக்கும் அடிப்படை தண்டவாளத் தலை. மேடை 9.2 மி.மீ. மேலே, இது அசலில் 80 செ.மீ. கட்டடத் தரை மேடையைவிட 3.5 மி.மீ. கீழே, இது அசலில் ஓரடி. சாலை மட்டம் தண்டவாளத் தலைக்குச் சற்றுக் கீழே. லேஅவுட் பலகைக்கு மேல் தக்கைத் தகடும் பாதையும் சேர்ந்து 8 மி.மீ. இருந்ததால் மேடையின் மேற்பரப்பு பலகையிலிருந்து 17 மி.மீ.க்குச் சற்று மேலே வந்தது. இந்தக் குறுக்குவெட்டுப் படம் ஒரே ஒரு தாள்தான். வேலை முழுவதும் அந்தத் தாளை எடுக்காத நாளில்லை.

மேடை விளிம்பைப் பாதையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில் சிறிது விவாதம் நடந்தது. அசல் அகலப்பாதையில் பாதை மையத்திலிருந்து மேடை விளிம்புக்கு ஏறத்தாழ 1,675 மி.மீ.; மாதிரியில் 19.25. ஐசிஎஃப் பெட்டியின் அகலம் 3,245 மி.மீ.; மாதிரியில் 37.3, அதில் பாதி 18.65. மீதமுள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர் சொச்சம். கையால் போட்ட பாதையில் இந்த நுணுக்கத்தை நம்பி வண்டி ஓட்ட முடியாது. நமது மாதிரித் தண்டவாளம் 16.5 மி.மீ. இடைவெளிதான், அசலின்படி அது 19 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும்; இருந்தாலும் பெட்டியின் அகலம் சரியான அளவில் இருப்பதால் மேடைக் கணக்கை மையத்திலிருந்துதான் போட வேண்டும். தண்டவாளத்திலிருந்து அளந்தால் பெட்டி உரசும். கடைசியில் 20.5 மி.மீ. என்று வைத்தோம். வளைவில் நீண்ட பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் பிதுங்கும் என்பதால், பாதை நேரான பிறகு ஒரு பெட்டி நீளம் விட்டே மேடையைத் தொடங்கினோம்.

மேடையின் நீளத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 24 பெட்டி வண்டிக்கான மேடையை 1:87இல் செய்தால் ஆறு மீட்டரைத் தாண்டும். அந்த அறைக்கு அது ஆகாது. ஒரு ஐசிஎஃப் பெட்டி மாதிரியில் 256 மி.மீ., ஒரு டபிள்யூடிஎம் வகை டீசல் எஞ்சின் 197 மி.மீ. ஆறு பெட்டியும் எஞ்சினும் நிற்க 1.9 மீட்டர் மேடை போதும் என்று வைத்தோம். அந்தக் குட்டை மேடையில் 280 மி.மீ. கட்டடத்தை அப்படியே வைத்தால் பெருத்துத் தெரிந்தது. அட்டையில் மூன்று நீளங்களில் வெட்டி நிறுத்திப் பார்த்து, ஏழு கண் (தூணுக்குத் தூண் ஒரு பகுதி) கட்டடத்தை ஐந்து கண்ணாக, 215 மி.மீ.க்குச் சுருக்கினோம். அகலத்தையும் உயரத்தையும் தொடவில்லை. நீளம் குறைந்ததைக் கண் பொறுத்துக்கொள்கிறது. கதவு குட்டையானால் பொறுப்பதில்லை.

சுவர் வேலை

தொகுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து கட்டலாமா என்று யோசித்தோம். அரைவட்ட வில்வளைவு ஜன்னல்கள் அந்தத் தொகுப்பில் அழகாக இருந்தன. நம் பழைய நிலையங்களிலும் அதே வில்வளைவு உண்டு. அதற்காகவே வைத்துக்கொண்டோம்.

மேல்மாடியை அறுத்து எடுத்தோம். அதன் சுவர்த் துண்டுகள் வீணாகவில்லை. கீழ்த்தளத்தை நீட்டப் பயன்பட்டன. மேல்மாடி ஜன்னல்கள் சிறியவை என்பதால் அவற்றைப் பார்சல் அறைப் பக்கம் கொண்டுபோனோம். அங்கே சிறிய ஜன்னல்தான் இயல்பு. சுவரின் உயரக் குறை 10 மி.மீ. இதைக் கீழே சேர்த்தால் ஜன்னல்கள் ஆகாயத்தில் நிற்கும். மேலே, ஜன்னல் வளைவுக்கும் கூரைக்கும் நடுவில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை ஒட்டி, அந்த ஒட்டுக் கோட்டின் மேல் ஒரு சுண்ணாம்புப் பட்டைக் கார்னிஸ் ஓட்டினோம். பழைய கட்டடத்திலும் அந்த இடத்தில் அதே பட்டை இருக்கிறது, ஒட்டு தெரியவில்லை.

மேடைப் பக்கக் கதவுகளுக்கு ஒரு நல்ல விடை கிடைத்தது. 30 மி.மீ. கதவில் 3.5 மி.மீ. மேடைக்குக் கீழே போய்விடுவதால் வெளியே தெரிவது 26.5 மட்டுமே. தொகுப்பின் 23 மி.மீ. கதவுக்கு மேலே ஒரு சின்னக் காற்றுப்பலகணி வைத்ததும் கணக்கு நேராகிவிட்டது. சாலைப் பக்கம் அந்தச் சலுகை இல்லை. அங்கே கதவுகளைப் புதிதாகவே செய்தோம். ஜன்னல்களின் கண்ணாடியை எடுத்துவிட்டு நெடுக்குக் கம்பியும், பாதி திறந்த சாய்பலகைக் கதவும் வைத்தோம்.

செங்கல் வடிவம் பொறித்த பரப்பை மெல்லிய புட்டி பூசி மூடினோம். அடிப்பகுதியில் ஒரு மூலையில் மட்டும் காரை உதிர்ந்து செங்கல் தெரியும்படி விட்டோம். டெல்டா மண்ணில் ஈரம் சுவரில் ஏறுவதால் காரை கீழேதான் முதலில் உதிரும். மேலே உதிர்ந்ததாகக் காட்டினால் பொய்யாகிவிடும்.

கூரை

தொகுப்பின் கூரைச் சரிவு 45 பாகை. பனி வழுக்கி விழ வேண்டிய நாட்டுக்கு அது சரி. நம் ஓட்டுக் கூரையை 30 பாகையில் வைத்தோம். 70 மி.மீ. அகலத்துக்கு முகடு 35 மி.மீ. எழும்பியிருக்க வேண்டியது 20 மி.மீ. ஆனது. இந்த 15 மி.மீ. வெட்டுதான் கட்டடத்தின் தேசத்தை மாற்றியது என்றே சொல்வேன். புகைபோக்கிகளும் மாடத்து ஜன்னலும் அதோடு போயின.

அடுத்தது ஓடு. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து தென்னிந்தியா முழுவதும் பரவிய பட்டை ஓடு அது. கூரையில் ஒரு வரிசை ஏறத்தாழ ஓரடி தெரியும். மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். தொகுப்பின் ஓட்டுத் தகடு இதைவிட மிகவும் நெருக்கமான, நுனி வளைந்த ஜெர்மன் ஓடு. அதைப் பயன்படுத்த முடியாது. தடித்த காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, கோடு கீறி, வரிசை வரிசையாக ஒட்டுவது என்று முடிவு செய்தோம். காகிதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், கீறுவது எளிது, ஓட்டின் விளிம்பு இயல்பாகச் சற்றே தூக்கி நிற்கும். முகட்டிலும் சரிவு ஓரங்களிலும் சுண்ணாம்புச் சாந்தின் வெள்ளைக் கோடு. ஆங்காங்கே மாற்றிய புது ஓட்டின் பளிச்சென்ற சிவப்பு. அந்த வெள்ளைக் கோட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது நம் ஓட்டுக் கூரையை அடையாளம் காட்டுவதே அதுதான்.

நிறம், பலகை, விளக்கு

இவற்றைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். வெளிர்மஞ்சள் சுவர், அடியில் காவி. பெயர்ப்பலகை மேடையின் இரு கோடியிலும் ஒவ்வொன்று: மஞ்சளில் கறுப்பு எழுத்து, தமிழ், இந்தி, ஆங்கிலம் என்ற வரிசை, கீழே கடல் மட்டத்துக்கு மேல் உயரம். பெயர் கற்பனை. உயரத்தை டெல்டாவுக்கு ஏற்ற ஒற்றை இலக்கத்தில் போட்டோம். உரிமையாளர் முதலில் போட்டிருந்த பலகையில் அது நூற்றைத் தாண்டியிருந்ததை ஸ்டேஷன் மாஸ்டர்தான் சுட்டிக்காட்டினார்.

விளக்குகளை மகள் செய்தார். 2010ஐ ஒட்டிய நிலையத்தில் குழல் விளக்குதான். எனவே தொகுப்பில் வந்த மஞ்சள் விளக்கை விட்டுவிட்டு வெள்ளை எல்இடி. 12 வோல்ட் மின்சாரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ ஓம் மின்தடை. மெல்லிய பிளாஸ்டிக் சுவர் வழியே வெளிச்சம் ஊடுருவி முழுக் கட்டடமும் கூண்டு விளக்காக ஒளிர்ந்ததால், உட்பக்கம் முழுவதும் கறுப்பு பூசி, அதன்மேல் வெள்ளை பூசினார். கூரையை ஒட்டாமல் சிறு காந்தங்களில் நிறுத்தினோம். கம்பி அறுந்தால் கூரையைத் தூக்கிப் பார்க்க முடிய வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

மாஸ்டர் அறைக்கு வெளியே மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு, சிவப்பு மணல் வாளிகளின் வரிசை, சிமென்ட் பெஞ்சு, குடிநீர்க் குழாய் ஆகியவற்றை ஸ்டேஷன் மாஸ்டர் இடம் குறித்துக் கொடுத்தார். அவர் ஒன்றையும் கூட்ட நெரிசலாக வைக்க விடவில்லை. “வண்டி வராத நேரம்தான் தம்பி அங்கே அதிகம்” என்றார். அதனால் மேடையில் ஆறே ஆட்கள்.

பிறகு நடந்தது

செப்டம்பரில் கட்டடம் இடத்தில் அமர்ந்தது. ரயில்கள் உரசாமல் ஓடின. உரிமையாளரின் மனக்குறை தீர்ந்தது என்பதை, பார்க்க வருகிறவர்களை அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதில் கண்டோம். முன்பு லேஅவுட்டின் நடுவில், முழுவதும் தெரியும் இடத்தில் நிறுத்துவார். இப்போது மேடைக் கோடியில் குனிந்து பார்க்கச் சொல்கிறார். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஒரு விருந்தினர், மேடையிலிருந்து இறங்கும் அந்த இரண்டு படிகளைப் பார்த்ததும் எந்தக் கேள்வியும் கேட்காமல் தம் ஊர் நிலையத்தின் பெயரைச் சொன்னார்.

வடகிழக்குப் பருவமழை கூரையைச் சோதித்தது. நவம்பரில் மாடி அறையின் ஈரத்தில் காகித ஓடுகள் உப்பின. சாலைப் பக்கச் சரிவில் இரண்டு வரிசைகள் அலையலையாக எழும்பின. மேற்புறம் மட்டும் வண்ணம் இருந்து அடிப்புறம் வெறும் அட்டையாக விட்டிருந்ததால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி முறுக்கியிருந்தது. ஸ்டைரீன் சுவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரை தனியே கழலக்கூடியது என்பதால் கட்டடத்தைத் தொடாமலே புதிய கூரை செய்ய முடிந்தது. இம்முறை அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் தகட்டில் மூன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு வரிசையாகக் கீறி, படிப்படியாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினோம். காகிதத்தின் இயல்பான ஒழுங்கின்மை இதில் வரவில்லை. சில ஓடுகளின் விளிம்பைக் கத்தியால் நெம்பி ஓரளவு ஈடுகட்டினோம். அடுத்த மழைக்காலத்தை இந்தக் கூரை தாண்டிவிட்டது.

இன்னொரு சிறு விளைவு: தடம் புரண்ட பெட்டியை எடுக்கக் கை நீளும்போதெல்லாம் ஒரு பெயர்ப்பலகை முறிந்தது. அதன் தூண்களைக் குண்டூசி மேல் நிறுத்தி, எடுத்துவைக்கும்படி மாற்றியதும் பிரச்சினை ஓய்ந்தது.

அடுத்த கட்டடத்தில் மாற்றப்போவது

வேலை முடிந்தபின் கணக்குப் பார்த்தால், தொகுப்பிலிருந்து மிஞ்சியவை வில்வளைவு ஜன்னல் உள்ள சில சுவர்த் துண்டுகளும் மேடைப் பக்கக் கதவுகளுமே. இறக்குமதித் தொகுப்பின் விலையையும், அதை அறுத்துத் திருத்திய உழைப்பையும் சேர்த்தால், நேரடியாக வரைந்து ஸ்டைரீனில் லேசர் வெட்டு வாங்குவது சிக்கனம் என்று இப்போது நினைக்கிறோம். கையில் ஏற்கெனவே தொகுப்பு வைத்திருப்பவர் அதை உடைக்கத் தயங்க வேண்டாம். புதிதாக வாங்கப் போகிறவர் முதலில் ஒரு பழைய நிலையத்துக்கு நாடாவோடு போய்வரட்டும்.

அளக்கும்போது மேடைப் பக்கத்தைப் போலவே சாலைப் பக்கத்தையும் முழுமையாக அளக்க வேண்டும். சாலைப் படிக்கட்டின் எண்ணிக்கையைப் புகைப்படத்திலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது. மரத்தின் நிழல் ஒரு படியை மறைத்திருக்கலாம் என்ற ஐயம் இன்றும் இருக்கிறது. அங்கே மறுபடி போவதற்குள் கட்டடம் நிற்குமா என்பதும் உறுதியில்லை. பூட்டிய கட்டடங்கள் வேகமாகக் குறைந்துவருகின்றன. அவற்றின் அளவுகளை எடுத்துவைப்பது மாதிரி செய்கிறவர்களுக்கு மட்டுமான வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஈரம் ஏறும் பொருள் எதையும் இரு பக்கமும் அடைக்காமல் பயன்படுத்தப் போவதில்லை. வண்ணச் சோதனையை வெயிலில் செய்யாமல், லேஅவுட் அறையின் விளக்கிலேயே செய்வோம். மாடி முற்றத்தில் சரியாகத் தெரிந்த காவி, அறைக்குள் பழுப்பாகிவிட்டதால் அதை மறுபடி பூச நேர்ந்தது.

இப்போது அதே நிலையத்துக்குச் சரக்குக் கிட்டங்கி வரைபடத்தில் இருக்கிறது. பாதை மாற்றத்துக்குப் பின் அங்கே தண்டவாளம் எடுக்கப்பட்டு, கிட்டங்கி மட்டும் தன் சரக்கு மேடையோடு புல்லில் நிற்பதாக வைத்துக்கொண்டோம். சரக்கு மேடையின் பழைய உயரத்தை ஸ்டேஷன் மாஸ்டர் தம் நினைவிலிருந்து சொல்லியிருக்கிறார். அதை நேரில் அளந்து உறுதிசெய்த பிறகே முதல் தகட்டை வெட்டுவோம்.